பிரேக் மிதித்தால் உதறும் வண்டி: டிஸ்க் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என் காரில் முன் சக்கர டிஸ்க்குகளை, அதாவது பிரேக் பிடிக்கும்போது இறுக்கப்படும் சுழல் தட்டுகளை, இரண்டு முறை மாற்றினேன். முதல் முறை மாற்றியதும் வண்டி உதறாமல் வந்து அழகாக நின்றது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் பழைய உதறல் திரும்பிவிட்டது. மலிவான டிஸ்க் போட்டால் இப்படித்தான் என்றார்கள். சரி என்று விலை கூடுதலான டிஸ்க்கை வாங்கிப் போட்டேன். அதுவும் ஏறக்குறைய அதே தூரத்தில் கைவிரித்தது. மூன்றாம் முறை வேறு பட்டறைக்குப் போனபோது, அங்கிருந்த வயதான மெக்கானிக் டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அது உட்காரும் ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) முகத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் சுரண்டினார். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோலத் துரு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. "டிஸ்க் மேல் குற்றமில்லை தம்பி. அது உட்கார்ந்த இடம் கோணல். இன்னும் பத்து டிஸ்க் போட்டாலும் இதே கதைதான்" என்றார்.

பிரேக் மிதித்தால் வண்டி உதறுகிறது என்று போய் நின்றால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "டிஸ்க் வளைந்துவிட்டது." இந்தப் பதில் எனக்கு நான்கு டிஸ்க்குகளின் விலையைச் செலவு வைத்தது. ஆகவே, வண்டி எங்கே, எப்போது உதறுகிறது என்பதை வைத்துக் காரணத்தைத் தேடும் வழியை எழுதுகிறேன். பெரும்பகுதி முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் (உள்ளிருந்து பிரேக் பிடிக்கும் உருளை) உள்ள சிறிய கார்களுக்கானது. பைக்குக்கும் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கக் கூடாத நிலை

பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால், இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால், சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக பிரேக் ஆயில் கசிந்திருந்தால், வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். பஞ்சர் போட்டோ டயர் மாற்றியோ ஓரிரு நாளில் உதறல் தொடங்கியிருந்தால் முதலில் சக்கர நட்டுகளைப் பாருங்கள். நட்டு தளர்ந்த சக்கரமும் உதறும்; அது அடுத்துச் செய்யக்கூடியது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் டயர்களில் காற்றை அளந்து சரிசெய்துவிட்டு, போக்குவரத்து இல்லாத நேரான சாலைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 80 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக பிரேக் பிடித்து 30 வரை கொண்டுவாருங்கள். நான்கைந்து முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஓரிரு கிலோமீட்டர் சும்மா ஓட்டி ஆறவிட்டு. முதல் முறையே உதறுகிறதா, சூடேறிய பிறகுதான் உதறுகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 165/80 ஆர்14 அளவுள்ள டயர் ஒரு சுற்று உருண்டால் ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். 90 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 13 சுற்று. வேகம் பாதியானால் சுற்றும் பாதியாகும். ஆகவே உதறலின் தாளம் வேகத்தோடு சேர்ந்து குறைந்துகொண்டே வந்தால், சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில்தான் கோளாறு: டிஸ்க், டிரம், ஹப், டயர் இவற்றில் ஒன்று. வேகம் குறைந்தும் தாளம் மாறாமல் படபடவென்று அடித்தால் அது வேறு விவகாரம். அதைப் பிறகு பார்க்கலாம்.

ஸ்டீயரிங் கையில் உதறினால்

எல்லாரும் அதிகம் சந்திப்பது இதுதான். நெடுஞ்சாலையில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, சுங்கச்சாவடி நெருங்கும்போது பிரேக்கைத் தொட்டதும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக நடுங்கும். 50 கி.மீ.க்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும். கையில் தெரிகிறது என்றால் முன் சக்கரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கோடு பிணைக்கப்பட்டிருப்பது முன் சக்கரங்கள்தானே.

இங்கேதான் "வளைந்த டிஸ்க்" பேச்சு வரும். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. தகரத் தட்டுபோல அவ்வளவு எளிதில் நெளியாது. உண்மையில் நடப்பது வேறு. டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போகிறது. தடித்த இடம், டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் இரண்டு பேட்களுக்கு நடுவே வரும்போது பிடி இறுகுகிறது, மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. இப்படி இறுகுவதும் தளர்வதும் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நடந்தால் அதுதான் உதறல். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கைக்குத் தெரியும் என்று கேட்டால் நம்பக் கடினமாக இருக்கும்: 0.015, 0.02 மி.மீ. போதும். தலைமுடியின் தடிமனில் கால் பங்குகூட இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது. "பாருங்கள், வளைந்திருக்கிறது" என்று கையில் பிடித்துக் காட்டுபவர் எதைப் பார்க்கிறார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தத் தடிமன் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? என் வண்டியின் கதை அங்கேதான் இருக்கிறது. டிஸ்க் ஹப்பின் மேல் துல்லியமாகச் சமதளமாக உட்கார வேண்டும். நடுவில் துருப் பொருக்கோ மணலோ சிக்கினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். ஹப் சிறியது, டிஸ்க் பெரியது. எனவே நடுவில் இருக்கும் சாய்வு வெளி ஓரத்துக்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு பங்காகிவிடும். ஹப்பில் 0.05 மி.மீ. பொருக்கு இருந்தால் டிஸ்க்கின் ஓரம் 0.1 மி.மீ. அளவுக்குத் தள்ளாடும்.

இப்படித் தள்ளாடினாலும் மாட்டிய அன்றைக்கு வண்டி உதறாது. பேட்களைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகரக்கூடியது, டிஸ்க்கோடு சேர்ந்து கொஞ்சம் ஆடிக்கொடுக்கும். ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும்போது, டிஸ்க்கின் சாய்ந்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை லேசாக உரசிக்கொண்டே போகும். அந்த ஒரே இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் மாறிவிடும், உதறல் வரும். டிஸ்க் மாற்றினால் போய்விடும், ஐயாயிரத்தில் திரும்பும். மாற்றியவர் மேல் சந்தேகம்கூட வராது, ஏனென்றால் மாற்றிய அன்றைக்கு வண்டி அருமையாக இருந்ததல்லவா?

ஆகவே முன் சக்கரத்தைக் கழற்றச் சொன்னால், செய்யச் சொல்ல வேண்டிய வரிசை இது. நீங்களே செய்வதானால் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கியதும் கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கைகால் நீட்ட வேண்டாம். பேட் தூளைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

காலிப்பரைக் கழற்றினால் அதை ரப்பர் குழாயில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். டிஸ்க்கைக் கழற்றும் முன், ஹப் போல்ட் ஒன்றுக்கும் டிஸ்க்குக்கும் நேராகச் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போடுங்கள். கழற்றியதும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வெறும் இரும்பு தெரியும்வரை கொண்டுவர வேண்டும். போல்ட்டுகளின் வேர்ப்பகுதியிலும் நடு வளையத்தின் ஓரத்திலும்தான் துரு அதிகம் பதுங்கும். அங்கே பிரஷ் எட்டாது, உப்புத்தாளை மடித்து விரலால்தான் தேய்க்க வேண்டும். டிஸ்க்கின் உள்முகத்தையும் அதேபோல. கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு இந்த வேலை இரட்டிப்பாக இருக்கும். எனக்கு ஒரு சக்கரத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது. உப்புத்தாள் வாங்கிய காசைத் தவிர வேறு செலவில்லை.

பிறகு டிஸ்க்கை மாட்டி, வாஷர் கொடுத்து நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் இல்லாதபோது டிஸ்க் தளர்வாக நிற்கும், அதனால்தான் நட்டு. கேஜின் முனை டிஸ்க்கின் வெளி ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே படும்படி வைத்து, மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். பல கார்களுக்கு 0.05 மி.மீ. வரை நல்லது, உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் ஆடினால் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். முள் அதிகம் ஏறும் இடம் டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் டிஸ்க்கில். ஹப்பின் அதே இடத்தில் நின்றால் ஹப்பிலோ பேரிங்கிலோ. சில நேரம் ஒரு போல்ட் தள்ளி மாட்டியதாலேயே இரண்டின் கோணலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அளவு சரியாகிவிடும். இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

தடிமனை மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். வெர்னியர் இதற்கு ஆகாது: டிஸ்க்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பின் மேல் அதன் தாடை உட்கார்ந்துகொள்ளும், நமக்கு வேண்டிய நுணுக்கமும் அதில் கிடைக்காது. உங்கள் பட்டறையில் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் இல்லை என்றால், அங்கே டிஸ்க் மாற்றுவது ஊகத்தின் பேரில்தான் நடக்கிறது.

தடிமன் மாறியிருந்தால் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். டிஸ்க்கின் மேல் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் தாராளமாக இருக்க வேண்டும். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே கடையுங்கள். டிஸ்க்கைக் கழற்றாமல் வண்டியில் வைத்தே கடையும் இயந்திரம் உங்கள் ஊரில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஹப்பில் இருக்கும் சிறு கோணலையும் சேர்த்து அது சரிசெய்துவிடும். தேய்ந்து எல்லையைத் தொட்டுவிட்டால் புதிய டிஸ்க்தான். அப்போதும் ஹப்பைத் தேய்க்காமல் மாட்ட விடாதீர்கள். நான் இப்போதெல்லாம் கூடவே நின்று பார்க்கிறேன், முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று. புதிய டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் அதைத் துடைத்த பிறகுதான் பேட் போட வேண்டும்.

ஸ்டீயரிங் அசையவில்லை, இருக்கையும் தரையும் அதிர்ந்தால்

பின் சக்கரம். டிரம் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவுக்குப் போயிருக்கலாம். பிரேக் நன்றாகச் சூடேறியிருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு வண்டியை நிறுத்தினால் அப்படி ஆகும்: டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூக்கள் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டிருக்க, டிரம் அந்த நிலையிலேயே ஆறுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத, ஈரமில்லாத, நேரான இடத்தில் 40 கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக் லீவரின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, அதை மெதுவாக மேலே இழுங்கள். பொத்தானை விடக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே கீழே இறக்க வேண்டும். கால் பிரேக்கைத் தொடாமல் இதில் அதே அதிர்வு வந்தால் பின் டிரம்தான். பொத்தான் வகை மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பின்னாலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் உள்ளே தனியாகச் சிறு ஷூ வைத்த வண்டிகளிலும் இதனால் பயனில்லை.

டிரம்மைக் கடையலாம், உள்ளே அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. டிரம்மைத் திறக்கும்போது, ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நீக்கி உள்ளே கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மழையில் நனைந்த வண்டி ஹேண்ட் பிரேக்கோடு நாட்கணக்கில் நின்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடத்தில் துருத் தழும்பு விழும். அந்த அதிர்வு சில முறை பிரேக் பிடித்ததும் தானாகப் போய்விடும். போகவில்லை என்றால் திறந்து பாருங்கள்.

காலில் மட்டும் துடித்தால்

பெடல் வேகத்துக்கு ஏற்ப மேலும் கீழும் மெதுவாகத் தள்ளினால் அது தடிமன் வித்தியாசமே, முன்னாலோ பின்னாலோ. மேலே சொன்ன வழியில் பிரித்துப் பாருங்கள்.

படபடவென்று வேகமாக, கரகரப்புச் சத்தத்தோடு காலை உதைத்தால் அது ஏபிஎஸ்: சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிடியை விட்டுவிட்டுக் கொடுக்கும் அமைப்பு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். மணலிலோ ஈரத்திலோ திடீரென்று அழுத்தி மிதித்தபோது மட்டும் வந்தால் அது கோளாறு அல்ல, வண்டி தன் வேலையைச் செய்கிறது. பயந்து காலை எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடுக்கவே கூடாது, அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

காய்ந்த தார்ச்சாலையில், சிக்னலில் மெதுவாக நிற்கப்போகும் நேரத்தில், 10 கி.மீ. வேகத்தில் இப்படிப் படபடத்தால்தான் கோளாறு. சக்கரத்தின் சுற்றை எண்ணும் பல்வளையம் துருவேறி வெடித்திருக்கும், அல்லது சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பியிருக்கும். ஒரு பல் விடுபட்டாலும் சக்கரம் நின்றுவிட்டதாகக் கணினி நினைத்துக்கொண்டு பிடியைத் தளர்த்துகிறது. எச்சரிக்கை விளக்குகூட எரியாமல் இது நடக்கும். காலி மைதானத்தில் ஏபிஎஸ் ஃபியூஸை எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்து, படபடப்பு நின்றால் சந்தேகம் உறுதி. ஃபியூஸை அங்கேயே திரும்பப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்தக் கோளாறுக்கு டிஸ்க் மாற்றிக்கொண்டு வந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் நான் என் கதையைச் சொல்லித் தேற்றினேன்.

ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு உதறினால்

காலிப்பர் நகரும் ஊசிகள் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்து உள்ளே போக மறுக்கும். பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் சூடேறி, முதலில் இழுப்பும் பிறகு உதறலும் வரும். அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று அனலடித்து மற்றொன்று சும்மா இருந்தால் விடை கிடைத்துவிட்டது. கழற்றினால் ஒரே காலிப்பரின் இரண்டு பேட்களில் ஒன்று கட்டையாகவும் ஒன்று அப்பளமாகவும் இருக்கும்.

ஊசிகளைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் வகை கிரீஸ் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் அங்குள்ள ரப்பர் ஊதிப்போய் முன்னைவிட மோசமாக இறுகும். ஊசி நன்றாக நகர்ந்தும் சூடு குறையவில்லை என்றால் பழைய ரப்பர் குழாய் உள்பக்கம் ஊதி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்து வைத்திருக்கலாம்.

பிரேக்கைத் தொடாமலும் உதறினால்

அப்படியானால் பிரேக்கை விட்டுவிடுங்கள். 80 முதல் 100 கி.மீ. வேகத்துக்குள் ஸ்டீயரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் குறைகிறது என்றால் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) அல்ல, இரண்டையும் ஒன்றாக நினைத்து அலைன்மென்டை மட்டும் பார்த்துவிட்டு "சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். டயரின் பக்கவாட்டிலோ முகத்திலோ எங்காவது புடைப்பு இருந்தால் பேலன்சிங் செய்யவே வேண்டாம், டயரை மாற்றுங்கள்; உள்ளே இழை அறுந்திருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டி முதல் சில கிலோமீட்டர் உதறிவிட்டு டயர் சூடானதும் சரியானால் அது டயர் தட்டையானதால் வந்தது.

மிதித்த கணத்தில் "டொக்" என்று ஒரு தட்டு

தொடர்ந்த உதறலாக இல்லாமல், பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் கீழே ஒரு தட்டுச் சத்தமும் ஸ்டீயரிங்கில் ஒரு வெட்டும் வந்தால் சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் மூட்டான லோயர் ஆர்ம் புஷ், அதன் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட், ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிகிறதா? டை ராட் எண்ட். புஷ் இப்படிக் கையாட்டத்தில் சிக்காது. கம்பி கொடுத்து நெம்பிப் பார்க்க வேண்டும், ரப்பர் கிழிந்திருந்தால் வாய் பிளக்கும்.

டிஸ்க் அளவெல்லாம் சரியாக இருந்தும் உதறல் போகாத வண்டிகளில் புஷ்ஷைத்தான் நான் சந்தேகிப்பேன். நல்ல புஷ் சிறு அதிர்வை விழுங்கிவிடும். நைந்த புஷ் அதைக் கை வரை கொண்டுவந்து சேர்க்கும். தெருவுக்கு நான்கு வேகத்தடை ஏறி இறங்கும் நம் வண்டிகளுக்கு அது சீக்கிரமே நையும்.

மலை இறங்கிய பிறகு தொடங்கிய உதறல்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து காரவள்ளி வரை பிரேக்கையே நம்பி இறங்கி, அடிவாரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தும்போது கால் பெடலை அழுத்தியபடியே இருந்தால், கொதிக்கும் பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். மறுநாள் நாமக்கல் சாலையில் வண்டி உதறும்போது டிஸ்க்கைப் பார்த்தால், சில சமயம் பேட்டின் வடிவத்திலேயே ஒரு நிழல் தெரியும். இங்கே நடந்தது தேய்மானம் அல்ல, படிவு. ஆனால் தடிமன் மாறியது மாறியதுதான்.

இதற்கு உடனே காசு செலவழிக்காதீர்கள். காலியான சாலையில் 80லிருந்து 30 வரை, முழுதாக நிற்காமல், சற்று அழுத்தமாக எட்டுப் பத்து முறை பிரேக் பிடியுங்கள், இடையிடையே ஆறவிடுங்கள். புதிய படிவாக இருந்தால் பெரும்பாலும் துடைத்துக்கொண்டு போகும். புதிய பேட் போட்டதும் அதை டிஸ்க்கோடு பழக்கச் செய்ய வேண்டியதும் கிட்டத்தட்ட இதுவே, 60லிருந்து 10 வரை, இன்னும் மென்மையாக. போகாவிட்டால் லேத். டிஸ்க்கில் நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால் மட்டும் கடைசலில் நம்பிக்கை வைக்க வேண்டாம். அளவுக்கு மீறிய சூட்டில் அந்த இடத்து இரும்பே கடினமாக மாறியிருக்கும். கடைந்தாலும் கொஞ்ச நாளில் மேடாக எழுந்து நிற்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

இறங்கும்போது இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர். கீழே வந்ததும் கடைசிக் கிலோமீட்டரை பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள். சமதரையானால் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம். அந்தச் சூட்டில் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக் கழுவக் கூடாது.

பைக்கில் முன் பிரேக் பிடித்தால் நடுங்கினால்

டிஸ்க் உள்ள பைக்கில், டிஸ்க் உண்மையிலேயே வளையும். மெல்லிய தகடு அது. வண்டி நிறுத்துமிடத்தில் யாராவது இடித்தாலும், டிஸ்க் பூட்டை எடுக்க மறந்து நகர்த்தினாலும் போதும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம்.

டிஸ்க் நேராக இருந்தும் நடுங்கினால் கோன் செட், அதாவது ஹேண்டில் பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தை மேலே தூக்கிவைத்து, ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோல ஒரு பிடிப்பு தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது. வண்டியைக் கீழே இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளினால் கழுத்தில் "டக்" என்று ஆட்டம் தெரிந்தாலும் அதேதான். டிரம் பிரேக்கும் கம்பிச் சக்கரமும் உள்ள பழைய வண்டிகளில் ஸ்போக்குகளை ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுக்கினால் டிரம்மே வட்டம் மாறும்.

திரும்ப மாட்டும்போது

எல்லாம் சரிசெய்த பிறகு, ஏர் கன்னால் நட்டுகளை வரிசையாக அடித்து இறுக்கிவிட்டால் பாதி வேலை வீண். ஒரு நட்டு அளவுக்கு மீறி இறுகி, பக்கத்து நட்டு தளர்ந்திருந்தால் டிஸ்க் மறுபடியும் சாய்ந்து உட்காரும். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்குரிய எண் கையேட்டில் இருக்கும். மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடலை இரண்டு மூன்று முறை மிதித்து அது கெட்டியாகும்வரை பாருங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.

அந்த மெக்கானிக் என் ஹப்பைத் தேய்த்து, அதே டிஸ்க்கைக் கடைந்து மாட்டிக் கொடுத்தபோது வண்டி ஏறக்குறைய அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. டிஸ்க்குகள் இன்னும் அவையேதான். பேட் மட்டும் ஒருமுறை மாற்றினேன். அன்றைக்கும் கையில் உப்புத்தாளோடுதான் போனேன்.